பச்சை போட்ட புதன்கிழமை

"இதுல யாரு வேணும்னாலும் எழுதலாமா அம்மிணி?"

கந்தப்பன் அண்ணன் தன் செல்போனை என் மேஜைமேல் வைத்துவிட்டு முதலில் கேட்டது இதைத்தான். எங்களுடையது நாமக்கல்லில் ஒரு தனியார் கோழி ஆய்வகம். பண்ணைகளுக்குப் போய்க் கோழிகளுக்கு ரத்தம் எடுத்து வருவது அவர் வேலை. சோதனை முடிவுகளைப் பண்ணைக்காரர்களுக்குத் தமிழிலும் தீவனக் கம்பெனிகளுக்கு ஆங்கிலத்திலும் எழுதிக் கொடுப்பது என் வேலை. இனிமேல் எல்லோருடைய காலண்டரும் செல்போனில்தான் இருக்க வேண்டும், ஒருவர் காலண்டரில் மற்றவர்கள் வேலை எழுத வழி செய்து வைக்க வேண்டும் என்று மேனேஜர் மோகன்குமார் அன்று காலையில்தான் சொல்லியிருந்தார்.

"நீங்க யாருக்கு அனுமதி கொடுக்கிறீங்களோ அவங்க மட்டும் எழுதலாம்ணா" என்றேன்.

"எழுதினா எனக்கு எப்படித் தெரியும்?"

"மணி அடிக்கும்."

"வண்டியில போயிட்டிருந்தா?"

"இறங்கினதும் பாருங்க. எழுதினது அங்கேயேதான் இருக்கும்."

"செரி. எல்லார்த்துக்கும் குடுத்துரு."

"இதுல ரெண்டு விதம் இருக்குண்ணா. பார்க்க மட்டும் விடலாம். இல்லன்னா எழுதவும் மாத்தவும் விடலாம். யாருக்கு எது?"

அவர் கொஞ்சம் யோசித்தார். "மேனேஜருக்குப் பாக்க மட்டும் விட்டா கோவிச்சுக்குவாரு. அவருக்கு எல்லாமே விட்டுரு. கிருத்திகாவுக்கும் விட்டுரு. அது நம்ம புள்ள."

கிருத்திகா முன்னறையில் போன் எடுப்பவள். அவருடைய மச்சான் மகள். அவர் சொல்லித்தான் அவளுக்கு இங்கே வேலை கிடைத்தது. அங்கிருந்தே குரல் கொடுத்தாள்.

"மாமா, தினமும் பொழுதோட 'அத்தைக்குப் பூ வாங்கோணும்'னு எழுதப்போறேன். மணி அடிச்சுட்டே இருக்கும், பாத்துக்கங்க."

"எழுது சாமி. அப்பவாச்சும் ஊட்டுல சுடச்சுடச் சோறு கெடைக்குதான்னு பாக்கறேன்."

சிரித்து முடித்ததும் நாற்காலியை இழுத்துப் போட்டு என் பக்கத்தில் உட்கார்ந்தார். "ஒண்ணு மட்டும் பண்ணிக்குடு அம்மிணி. சீக்கு வந்த பண்ணைன்னா செகப்புல தெரியோணும். செகப்பு வந்துட்டா அதுக்கப்புறம் ரெண்டு நாளைக்கு ஒருத்தரும் ஒண்ணும் எழுதப்படாது. மத்ததெல்லாம் பச்சை."

அப்படியே செய்து கொடுத்தேன். அவர் போனை வாங்கிக்கொண்டு முன்னறைக்குப் போய்க் கிருத்திகாவின் முன்னால் அதைத் தூக்கிக் காட்டினார்.

"பச்சைன்னா கண்ணை மூடிட்டுப் போவேன் கண்ணு. சொல்லிப்போட்டேன்."

"செகப்புன்னா செகப்பு, பச்சைன்னா பச்சை. டிராபிக் போலீஸ் வேலையும் நானே பாக்கறேனுங்க மாமா. தொப்பி மட்டும் வாங்கிக் குடுங்க."

அன்று ஆய்வகத்தில் எல்லோரும் சிரித்தோம்.

கந்தப்பன் அண்ணனுக்குச் சேந்தமங்கலம் பக்கம் சொந்த ஊர். சோளமும் மரவள்ளியும் போடுகிற குடும்பம். குஞ்சு பொரிக்கும் கூடம் ஒன்றில் சில வருடம் இருந்துவிட்டு இங்கே வந்தவர். ஒல்லியான ஆள். வெயிலில் அலைந்து முன்கை மட்டும் வேறு நிறமாக இருக்கும். கோழியின் இறக்கையை விரித்து, உள்பக்கத்து நரம்பில் ஊசியை வைக்கும்போது மட்டும் பேச மாட்டார். மற்ற நேரமெல்லாம் பேச்சுத்தான். நான் சேலம் சூரமங்கலத்திலிருந்து பஸ்ஸில் வந்து போகிறவள். என் பேச்சில் மரியாதை போதவில்லை என்பது அவருடைய நிரந்தரக் குறை. "ஏனம்மிணி, கடைசியில ஒரு 'ங்க' சேத்துனா வாய் வலிக்குமா?" என்பார். நான் அதிகம் பேசாதவள் என்பதால் அந்தக் கேலியும் சீக்கிரம் தீர்ந்துவிடும்.

அவரிடம் ஒரு வழக்கம் இருந்தது. நோய் வந்த பண்ணைக்குள் போய் வந்தால் அதன்பின் இரண்டு நாள் வேறு எந்தப் பண்ணைக்கும் போக மாட்டார். ஆய்வகத்தில் உட்கார்ந்து குழாய்களுக்குப் பெயர் ஒட்டுவார், ஊசிகளை அடுக்குவார். குளித்து உடை மாற்றினால் போதாதா என்று மோகன்குமார் எத்தனையோ தரம் கேட்டிருக்கிறார். "குளிச்சா ஒடம்பு சுத்தமாகுமுங்க. மூக்குக்குள்ள இருக்கறது போகுமா? ரத்தப் பொட்டி, வண்டி, டயரு, அதெல்லாம் போகுமா?" என்று பதில் வரும். இந்தப் பக்கத்தில் பண்ணைக்குப் பண்ணை கூப்பிடு தூரம். ஒருவர் செருப்பு இன்னொருவர் கோழிகளைக் கொன்றுவிடும் என்பது எல்லோருக்கும் தெரியும். தெரிந்தும் அவசரத்தில் மீறுவார்கள். அவர் மீறியதில்லை.

கிருத்திகா வீட்டுப் புதுமனை புகுவிழா அப்படியொரு இரண்டு நாளுக்குள் வந்து மாட்டிக்கொண்டது. வீட்டுக்கு மாப்பிள்ளை அவர், முன்னால் நிற்க வேண்டியவர். ஆனால் பந்திக்கு வந்தவர்களில் பாதிப்பேர் கோழி வளர்க்கிறவர்கள். அவர் மனைவியை வாசலில் இறக்கி விட்டுவிட்டு, சீர்த் தட்டை அவர் கையில் கொடுத்துவிட்டு, தெருமுனை வேப்பமரத்தடியிலேயே நின்றுகொண்டார். மச்சான் வெளியே வந்து, "ஏனுங் மாப்பிள்ளை, எங்க ஊடு புடிக்கலீங்களா?" என்று கேட்டதற்கு, "ஊடு நல்லாருக்குது, கிட்ட வராதீங்க" என்று கையைக் காட்டினாராம். அந்தக் கோபம் தீர மாதக்கணக்காயிற்று. இதைக் கிருத்திகாதான் நடித்துக் காட்டிச் சொல்லிச் சிரிக்க வைப்பாள்.

அந்த வழக்கத்தால்தான் பண்ணைகளின் கேட்டுகள் அவருக்குத் திறந்தன. நாமகிரிப்பேட்டையில் சென்னியம்மாள் என்று ஒருவர். குஞ்சாக வாங்கி, முட்டையிடும் பருவம் வரை வளர்த்து விற்கிறவர். தனியாகப் பண்ணை நடத்துகிறவர். செட்டு என்று சொல்கிற பெரிய கோழிக் கொட்டகைகள் இரண்டு. கூடப் பிறந்த அண்ணன் கார் வந்தால்கூட ரோட்டிலேயே நிற்க வேண்டும். பேச்சு கேட்டுக்கு இந்தப் பக்கமும் அந்தப் பக்கமுமாக நடக்கும். கந்தப்பன் அண்ணனுக்கு மட்டும் கேட்டை ஒட்டிய அறையில் ஒரு ஜோடி செருப்பும் துவைத்த வேட்டி சட்டையும் தனியாக இருந்தன. ரத்தம் எடுத்து முடிந்ததும் அவர் வெளியே வந்து புளியமரத்தடியில் நிற்பார். சென்னியம்மாள் கேட்டுக்கு மேலாகக் கையை நீட்டி மோர் கொடுப்பார். அவர் தம்பி என்பார், இவர் அக்கா என்பார். உறவு ஒன்றும் கிடையாது.

காலண்டர் வந்த புதிதில் எல்லாம் நன்றாகவே நடந்தது. பண்ணைக்காரர்கள் கூப்பிட்டால் கிருத்திகா உடனே எழுதிவிடுவாள். அவர் பையில் மணி அடிக்கும். பிறகு மற்றவர்களும் எழுத ஆரம்பித்தார்கள். வண்டிக்கு டயர் மாற்ற, குளிர்பெட்டிக்கு ஐஸ் வாங்க, ராசிபுரம் போகிற வழியில் யாருக்கோ பார்சல் கொடுக்க. யாருக்கு எந்த வேலை முளைத்தாலும் அவருடைய நாளில் ஒரு பச்சைக் கட்டமாகப் போய் உட்கார்ந்தது. அவர் மதியச் சாப்பாட்டு நேரத்தின் மேல்கூட ஒரு பண்ணையை எழுதி வைத்திருந்தார்கள். மகள் கல்லூரி விழாவுக்கென்று அவரே எழுதி வைத்த ஒரு சாயங்காலத்தை மோகன்குமார் வேறு நாளுக்குத் தள்ளிவிட்டு அங்கே ஒரு பண்ணையை எழுதிவிட்டார். "விழா அடுத்த வருசமும் வருமுங்க" என்று சொல்லிவிட்டு அண்ணன் கிளம்பினார்.

இன்னொன்றும் மாறியது. முன்பெல்லாம் சாயங்காலம் ஆய்வக வாசலில் டீயைக் கையில் வைத்துக்கொண்டு, மறுநாள் போகவேண்டிய பண்ணைகளுக்கெல்லாம் அவரே போன் செய்வார். "எல்லாம் நல்லாருக்குதுங்களா? இரை எடுக்குதுங்களா? எச்சம் எப்படி இருக்குதுங்க?" இந்த மூன்று கேள்விதான். காலண்டர் வந்தபின் மோகன்குமார் அதை நிறுத்தச் சொன்னார். "கிருத்திகா பேசித்தானே எழுதுது. நீங்களும் கூப்பிட்டா ரெண்டு பேர் கேட்ட மாதிரி ஆகுது. நமக்குள்ளயே பேச்சு இல்லையான்னு நினைப்பாங்க." அண்ணன் நிறுத்திவிட்டார். டீக் குடிக்கிற நேரத்தில் கை சும்மா இருப்பது பழகவில்லை என்று என்னிடம் சொன்னார்.

அந்த மாதம் ஒரு தீவனக் கம்பெனி நிறையப் பண்ணைகளில் ரத்தம் எடுத்துத் தரச் சொல்லியிருந்தது. சிவப்பு ஒன்று விழுந்தால் இரண்டு நாள் போய்விடும் என்று மோகன்குமார் முணுமுணுத்துக்கொண்டே இருந்தார். ஊசி பிடிக்க இன்னொரு ஆளை வைத்துக்கொள்ளலாம் என்று அண்ணன் சொன்னதற்கு அவர் வேண்டாம் என்றுவிட்டார்.

ஒரு செவ்வாய்க்கிழமை நான் லீவு. சேலத்தில் அக்காவுக்கு வளைகாப்பு. அன்று சாயங்காலம் புதுச்சத்திரத்திலிருந்து தமிழரசு என்ற பண்ணைக்காரர் ஆய்வகத்துக்குப் போன் செய்து, பின்பக்கத்து செட்டில் கோழிகள் செத்து விழுகின்றன, வெள்ளைக் கழிச்சலாக இருக்கலாம், கந்தப்பனை அனுப்புங்கள் என்று சொல்லியிருக்கிறார். போனை எடுத்தவள் கிருத்திகா. இது எனக்கும் அண்ணனுக்கும் அந்த வாரக் கடைசியில்தான் தெரிந்தது.

புதன்கிழமை காலை அவர் போனில் இரண்டு பச்சைக் கட்டங்கள் இருந்தன. முதலில் புதுச்சத்திரம், புது செட்டுக் கோழிகளுக்கு ரத்தம். அடுத்து நாமகிரிப்பேட்டை, சென்னியம்மாள் பண்ணைக் குஞ்சுகளுக்கு ரத்தம். இரண்டாவது தடுப்பு மருந்து எப்போது கொடுப்பது என்று அந்த ரத்தத்தைப் பார்த்துத்தான் சொல்ல வேண்டும். முதல் மருந்தின் பலம் குறைந்து அடுத்தது போடாமல் இருக்கிற நாட்கள் அவை. குஞ்சுகளுக்கு அதைவிட மோசமான நேரம் கிடையாது.

புதுச்சத்திரத்தில் தமிழரசு இல்லை. ராசிபுரத்தில் ஒரு சாவுக்குப் போயிருந்தார். வேலையாள் முன்னால் இருந்த புது செட்டுக்குக் கூட்டிப்போனான்; பின்பக்கத்தைப் பற்றி அவன் பேச்செடுக்கவில்லை. கோழிகள் நன்றாக இருந்தன. அண்ணன் ரத்தம் எடுத்துக்கொண்டு, ராசிபுரம் வழியாக அப்படியே நாமகிரிப்பேட்டைக்குப் போனார். கேட்டருகே குளித்தார், தனக்கென்று வைத்திருந்த சட்டையைப் போட்டுக்கொண்டார், ரத்தப் பெட்டியை எடுத்துக்கொண்டு குஞ்சுகளுக்கு நடுவே போனார்.

சனிக்கிழமை அவர் என் மேஜைக்கு எதிரே கையுறை போட்டுக்கொண்டு குழாய்களை அடுக்கிக்கொண்டிருந்தார். போன் அடித்தது. எடுத்து எல்லோருக்கும் கேட்கிற மாதிரி வைக்கச் சொன்னார். வைத்தேன். தமிழரசு பேசினார்.

"ஏனுங் கந்தப்பண்ணா, வந்து பாத்துட்டுப் போனீங்க, ஒரு வார்த்தை சொல்லாமப் போயிட்டீங்களே! இன்னிக்கும் கொட்டுதுங்க."

"எங்கீங்க கொட்டுது? நான் பாத்தப்ப நல்லா இருந்துச்சே."

"பின்னாடி செட்டுலீங்க. செவ்வாக்கெழமையே ஆபீசுக்குப் போன் பண்ணிச் சொன்னனே. கழிச்சலாட்ட இருக்குது, அண்ணனை வரச் சொல்லுங்கன்னு. அந்தப் புள்ள செரீங்கன்னு சொல்லுச்சு."

"எந்தப் புள்ளைங்க?"

"போன் எடுக்கற புள்ளதானுங்க. நீங்க வந்தீங்களே, அதைக் கேட்டுத்தானே வந்தீங்க?"

 அண்ணன் கையுறைகளை ஒவ்வொன்றாகக் கழற்றினார். தமிழரசு அந்தப் பக்கம் "அலோ, அலோ" என்று சொல்லிக்கொண்டிருந்தார். "உங்களுக்குத் திரும்பக் கூப்பிடறேனுங்க" என்று வைத்துவிட்டு, என் முன்னாலேயே சென்னியம்மாளைக் கூப்பிட்டார்.

"அக்கா, கந்தப்பன் பேசறேனுங்க. பொதங்கெழமை நான் சீக்குப் பண்ணையில இருந்து உங்ககிட்ட வந்துட்டேனுங்க. தெரியாம வந்துட்டேன். ரத்த முடிவுக்குக் காத்திருக்க வேண்டாம். இப்பவே ரெண்டு செட்டுக்கும் கண்ணுல சொட்டு மருந்து போட்டுருங்க. இந்த செட்டு ஆளு அந்த செட்டுக்குப் போகப்படாது. நான் உள்ள வர மாட்டேனுங்க. மருந்தை வேற ஆள்கிட்டக் குடுத்து அனுப்பறேன்."

அந்தப் பக்கத்தில் என்ன சொன்னார்கள் என்று எனக்குக் கேட்கவில்லை. அவர் போனைப் பார்த்துக்கொண்டே உட்கார்ந்திருந்தார்.

"என்ன சொன்னாங்கண்ணா?"

"ஒண்ணும் சொல்லல. வெச்சுட்டாங்க."

மருந்து அன்றே போனது. ஆனாலும் முதல் செட்டில் குஞ்சுகள் சோர்ந்து கண்ணை மூட ஆரம்பித்துவிட்டன. பிறகு வாயைத் திறந்து மூச்சு வாங்கின. அடுத்த வாரம் அந்த செட்டைக் காலி செய்து குழி தோண்டிச் சுண்ணாம்பு போட்டு மூடினார்கள். அண்ணன் கொண்டுபோனதா, தீவன லாரி கொண்டுவந்ததா, காக்காய் போட்டதா என்று யாராலும் அடித்துச் சொல்ல முடியாது. அவர் ஒருமுறைகூட லாரியையோ காக்காயையோ சொல்லவில்லை.

சென்னியம்மாள் ஆய்வகத்துக்கு வந்தார். உள்ளே வரவில்லை. அவர் பண்ணை இப்போது நோய் வந்த பண்ணை என்பதால், ரோட்டுக்கு அந்தப் பக்கம் நின்று, வாட்ச்மேனிடம் சொல்லி அனுப்பினார். அண்ணன் வெளியே போனார். நாங்கள் ஜன்னலில் இருந்தோம். இரண்டு பேரும் ரோட்டின் இரண்டு ஓரத்தில் நின்றுகொண்டு, நடுவில் பஸ் போகும்போது நிறுத்தி, போனதும் பேசினார்கள்.

"ஏன் தம்பி, கூடப்பொறந்த என்ற அண்ணனையே ரோட்டுல நிறுத்தினேன். உன்னைய உள்ள உட்டேன்."

"எனக்குத் தெரியாதுங்கக்கா. பச்சைன்னு போட்டிருந்துச்சுங்க."

"பச்சையா? அது என்னது?"

அவர் போனை எடுத்துக் காட்டப் போனார். அவ்வளவு தூரத்தில் என்ன தெரியும்? மறுபடியும் பையில் வைத்துக்கொண்டார்.

"உனக்குத் தெரியாதுன்னு நான் நம்போணும்னா, எந்த ஊட்டுக்குள்ள நொழைஞ்சு வாரேன்னு உனக்கே தெரியாம நீ சுத்தறேன்னு நம்போணும். தெரிஞ்சுதான் வந்தேன்னா, நீ கெட்டவன்னு நம்போணும். எதை நம்பட்டும்? நீயே சொல்லு."

 "இன்னொரு செட்டு எப்படீங்கக்கா இருக்குது?" என்று மட்டும் கேட்டார்.

"அது இனி என்ற பாடு."

சேலை முந்தானையை இழுத்துச் செருகிக்கொண்டு பஸ் நிறுத்தத்தை நோக்கி நடந்துவிட்டார்.

மறுநாள் மோகன்குமார் அறைக்கு எங்களைக் கூப்பிட்டார். அண்ணன், கிருத்திகா, நான். கதவைச் சாத்தச் சொன்னார். அவர் குரல் அன்பாகவே இருந்தது.

"கந்தப்பன், இது உங்க காலண்டர். உங்க போன்ல இருக்கு. மணி அடிச்சிருக்கு, நீங்க பார்த்திருக்கீங்க, போயிருக்கீங்க. வெளியில யார் கேட்டாலும் இதுதான் நான் சொல்ல முடியும்."

"செகப்புன்னு போட்டிருந்தா நான் போயிருக்க மாட்டனுங்க."

"ஏன் சிவப்பு போடலைன்னு எழுதினவங்ககிட்டயே கேப்போம். கிருத்திகா?"

கிருத்திகா மேஜை விளிம்பைப் பார்த்துக்கொண்டிருந்தாள். "மாமாகிட்டக் கேட்டேனுங்க சார். புதுச்சத்திரம் சீக்குன்னு சொன்னேன். பரவால்ல, பச்சையே போடு, மத்தியானம் அக்கா பண்ணைக்குப் போகோணும்னு மாமாதான் சொன்னாங்க."

 அண்ணன் அவள் பக்கம் திரும்பினார்.

"நான் சொன்னனா கண்ணு?"

அவள் நிமிரவில்லை.  மோகன்குமார் பேனாவை மூடி மூடித் திறந்தார். அண்ணன் அவரைப் பார்த்தார், மறுபடி அவளைப் பார்த்தார். இரண்டு பேரும் முந்தைய நாளே பேசி வைத்துக்கொண்டார்கள் என்று அவருக்குத் தெரிந்துவிட்டது. எனக்கும் தெரிந்தது.

"அண்ணன் அப்படிச் சொல்லியிருக்க மாட்டார் சார்" என்றேன்.  "சொந்த மச்சான் வீட்டு விசேஷத்துக்கே உள்ளே போகாதவர்."

"அபிநயா, செவ்வாய்க்கிழமை நீங்க லீவு. இல்லாத நாளைப் பத்தி எப்படிச் சொல்றீங்க?"

"அவர் யார்னு எனக்குத் தெரியும் சார்."

"எல்லாருக்கும் தெரியும். அதை வெச்சு நான் என்ன பண்ண முடியும்?"

அண்ணன் எழுந்துவிட்டார். "உடு அம்மிணி" என்றார்.

வண்டி நிறுத்துமிடத்துக்கு அவர் பின்னாலேயே போனேன். ஹெல்மெட்டைக் கையில் வைத்துக்கொண்டு போடாமல் நின்றார். முகம் கறுத்திருந்தது. அவர் கோபப்பட்டு நான் பார்த்தது அன்று ஒருநாள்தான்.

"மேனேஜர் பண்ணது எனக்குப் பெருசாத் தெரியல. அவரு எப்பவுமே அப்படித்தான். அந்தப் புள்ள பொய் சொல்லோணும்னா சொல்லட்டும். 'மாமா'ன்னு சொல்லிப்போட்டுச் சொல்லுச்சு பாரு. அந்த வாயில 'மாமா'ன்னு வருது, அடுத்த வார்த்தை பொய்யி. 'கந்தப்பன்'னு சொல்லியிருக்கலாமே. 'அந்த ஆளு'ன்னு சொல்லியிருக்கலாமே."

 அவர் வண்டியைக் கிளப்பினார்.

கிருத்திகா மதியம் குழாய் கழுவும் தொட்டியருகே என்னிடம் வந்தாள். அதுவரை அவளும் நானும் ஒரே டப்பாவில் சாப்பிட்டவர்கள்.

"நீ என்னைய அப்படிப் பாக்காத அபி. செகப்பு போட்டா ரெண்டு நாள் போயிரும், கம்பெனிக்கு யார் பதில் சொல்றதுன்னு சார் கத்தினாரு. பச்சையாப் போடு, முன்னாடி செட்டு மட்டும்னு எழுதுன்னாரு. போட்டேன். இப்படி ஆகும்னு கண்டனா?"

"பச்சை போட்டது சார் சொல்லி. இன்னிக்குச் சொன்னது?"

"அதுவும் சார்தான். இல்லன்னா என்னைத்தான் வேலையை உட்டு அனுப்போணும்னாரு. மாமாவுக்குப் பேர் இருக்குது, எங்க போனாலும் வேலை கெடைக்கும். எனக்கு?" தண்ணீரைத் திறந்துவிட்டாள். "மாமா ஒண்ணும் சொல்ல மாட்டாருன்னு நெனைச்சேன். சொல்லவும் இல்லை, பாத்தியா."

நான் கையைத் துடைத்துக்கொண்டு என் இடத்துக்குப் போய்விட்டேன். அதன்பின் தனித்தனி டப்பாதான்.

அவருக்கு இருந்த பேர் அந்த மாதத்திலேயே தேய்ந்தது. பண்ணைக்காரர்கள் ஒருவருக்கொருவர் சொல்லாத விஷயம் இல்லை. கூப்பிடுகிறவர்கள் வேறு ஆளை அனுப்பச் சொன்னார்கள். முன்பு ஊசி பிடிக்க இன்னொரு ஆள் வேண்டாம் என்றிருந்த மோகன்குமார், இரண்டே வாரத்தில் ஓர் ஆளை வைத்துவிட்டார். அண்ணன் காலண்டரில் ஒன்றுமில்லை. சில நாள் ஐஸ் வாங்குவது மட்டும் எழுதியிருக்கும். அதற்கும் மணி அடிக்கும். அவர் எடுத்துப் பார்ப்பார். கிருத்திகா முன்னறையில் இருப்பாள். அவர் பின்வாசல் வழியாக வந்து போக ஆரம்பித்தார். மற்றவர்கள் எழுத முடியாதபடி காலண்டரை மூடிவிடலாமே என்று ஒருநாள் கேட்டேன். "மூடுனா தப்புப் பண்ணவன் மாதிரி ஆயிரும்" என்றார். தை பிறந்ததும் வேலையை விட்டுவிட்டார். இப்போது சேந்தமங்கலத்தில் மரவள்ளி பார்க்கிறார். வீட்டில் ஒரு கோழிகூட இல்லை என்று அவர் மகள் சொன்னாள்.

சென்னியம்மாளின் இரண்டாவது செட்டு பிழைத்துக்கொண்டது. அந்தக் குஞ்சுகள் வளர்ந்து, விற்று, இப்போது வேறு பண்ணைகளில் முட்டையிடுகின்றன. கந்தப்பன் அண்ணனின் போனை அவர் அதன்பின் எடுக்கவே இல்லை.

அந்த இரண்டாவது செட்டு பிழைக்குமா என்று தெரியாமல் இருந்த நாட்களில் ஒன்றில், அங்கிருந்து ஆய்வகத்துக்குச் செய்தி வந்தது. இரண்டாவது செட்டுக்கு மருந்து பிடித்திருக்கிறதா என்று ரத்தம் எடுத்துப் பார்க்க வேண்டும், ஆனால் கந்தப்பன் வரக் கூடாது. பண்ணைப் பக்கமே போகாத ஆள் நான்தான் என்பதால் என்னைப் போகச் சொன்னார்கள். அதற்குள் ஊசி பிடிக்க எனக்கு ஓரளவு பழகியிருந்தது. ஆய்வகத்துக்கு வரும் கோழிகளில் பழக்கியவர் அண்ணன்தான்.

காலையில் நான் பெட்டியைத் துடைத்து எடுத்துவைத்துக்கொண்டிருந்தேன். அவர் பின்வாசலில் வந்து நின்றார். என் பக்கத்தில் வரவில்லை. எதையும் தொடவும் இல்லை. இத்தனை வருடத்தில் அவர் என்னிடம் தனக்கென்று கேட்டது அது ஒன்றுதான்.

"அம்மிணி, ரத்தம் எடுத்துட்டு வெளிய வருவீல்ல, அப்ப ஒரு நிமிசம் கேட்டுகிட்ட நின்னு எனக்குப் போன் போடு. பேச வேண்டாம். போனை மட்டும் செட்டுப் பக்கமாத் திருப்பிப் புடி. சீக்கு இருந்தா குஞ்சு கத்தாது, கொறட்டை மாதிரி ஒரு சத்தம் வரும். நல்லா இருந்தா ஒரே இரைச்சலா இருக்கும், உனக்கே தெரியும். அக்காகிட்டக் கேட்டுட்டுப் புடி. வேண்டாம்னு சொன்னாங்கன்னா புடிக்காத, வந்துரு. புடிக்கலாம்னு சொன்னாங்கன்னா கொஞ்ச நேரம் புடிச்சிரு. நான் இந்தப் பக்கம் ஒரு வார்த்தை பேச மாட்டேனுங்க."